மூன்றாவது தடவை மங்கும்போது

“அங்க ரிலீவரே கிடையாதா? உன் மெஷினை வேற ஆளுட்ட விட்டுட்டு—”

“மெஷின் இல்லப்பா, டெலஸ்கோப்பு. நான் சொல்றதை முழுசா—”

“தீவாளிக்குத் திருப்பூரே காலியாகுது! பூட்டாத கம்பெனி எது? நம்ம ஊரு போடியில அத்தனை பேருட்டயும் நீ வர்றன்னு சொல்லி வச்சிருக்கேன்!”

எண்ணெய்ப் புட்டியில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் வேல்விழி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சிலி நாட்டு மலையுச்சிக்கு அவள் வேலைக்குப் போய் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது. அப்பா காசிமாயனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவளுக்கு இன்னும் சனிக்கிழமை இரவு. அம்மா வெள்ளையம்மாள் பனியன்களில் நூல் பிசிறு வெட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்க ஏதோ ஒண்ணு போகுதுப்பா. போறப்ப வெளிச்சம் ஒரு துளி மங்கும். பதினோரு மாசத்துக்கு ஒருக்கா. ரெண்டு தடவை பாத்தாச்சு. மூணாவது தடவையும் சொன்ன நாள்ல மங்குனாத்தான் அது கிரகம்னு ஒத்துக்குவாங்க. அந்த நாள் தீவாளி வாரத்துல விழுது. நான் என்ன செய்ய?”

“மங்குறதைப் பாக்கணும்னா இங்க வா. நம்ம வீதியில லைட்டு தெனமும் மங்குது.”

வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“மலைதான் வேணும்னா போடியில மலை இல்லையா?”

“அங்க மேகம்ப்பா. இங்க ஆண்டிஸ் மலை கிழக்க இருந்து வர்ற ஈரத்தையெல்லாம் தடுத்து, இந்தப் பக்கத்தைப் பாலைவனமாக்கி வச்சிருக்கு. அதான் வானம் இப்படித் தெளிவு.”

“இங்க மட்டும் என்ன? மேக்கு மலை மழையை அந்தப் பக்கம் குடுத்துட்டு நமக்கு வெறும் காத்தை விடுது.”

ஆடிக் காற்றில் கதவு படபடவென்று அடித்தது. எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“அன்னைக்குன்னு ஒரு மேகம் வந்து மறைச்சுட்டா?”

“இன்னும் பதினோரு மாசம் இருந்து பாக்கணும்.”

“அய்யோ, மேகம் வேணாம்!” வெள்ளையம்மாளின் கத்தரி நின்றுவிட்டது. “வானம் நல்லாத் தெளிஞ்சே கெடக்கட்டும் தாயி. தெளிஞ்சு கெடந்து, அந்த வெளிச்சம் மங்காமப் போச்சுன்னா?”

“அப்ப அது கிரகமே இல்லம்மா. ரெண்டு வருசத்துப் பாடு அத்தனையும் போச்சு.”

வெள்ளையம்மாள் மடியிலிருந்த பனியனை ஒருமுறை தடவி மடித்தாள். காசிமாயன் அவளையே பார்த்திருக்க, அவள் போனுக்கு அருகே குனிந்தாள்.

“போச்சுன்னா, நீ வீட்டுக்கு வந்துருவியா தாயி?”