ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து

பட்டப்பகலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்குள் நானே திருடி மாதிரி பின்பக்கமாக நுழைந்தேன். சற்று முன்புதான் முன்வாசலில் நின்று, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு மத்தியானம் வந்துடுவேன், சமத்தா இருக்கணும்" என்று மகளுக்கு முத்தம் கொடுத்திருந்தேன். தெருமுனை வரை நடந்து, மருந்துக் கடை வாசலில் கொஞ்சம் நின்று, பின்சந்து வழியாகத் திரும்பிவிட்டேன். எங்கள் படுக்கையறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று துணி காயப்போடும் பின்பக்கத்துக்கு, மற்றது கூடத்துக்கு. கூடத்துக் கதவைக் கிளம்பும்போதே பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "அது பீரோ இருக்குற ரூம். எப்பவும் பூட்டித்தான் இருக்கும்" என்று மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கதவு எப்பவும் திறந்துதான் கிடக்கும் என்று என் மகளுக்குத் தெரியும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கைப்பையின் ஜிப்பைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

கட்டிலில் மெத்தை முனகாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அன்று அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. காது பரிசோதிப்பதுதான் என் உத்தியோகம். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பொய்யில்லை, அவர்களுக்கு நிஜமாகவே ஏதோ கேட்கும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது தானே ஒரு சத்தத்தைச் செய்துகொள்ளும். அவர்களிடம் "அவசரப்படாதீங்க, கேட்டா மட்டும் அழுத்துங்க" என்று பொறுமையாகச் சொல்வேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் என் நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாள், அவ்வளவுதான். இதுவரை மகளைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாட்களில் தூக்கத்தில் இருப்பார். ஆள் தேடத் தொடங்கினேன். முதலில் வந்தவர், "என்கிட்ட வந்தா எந்தக் குழந்தையும் மூச்சு விடாதும்மா" என்று பெருமையாகச் சொன்னார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். அடுத்தவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னார். மகள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இவர் மூன்றாவது, அன்று அரை நாள் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முன்பு வேலை பார்த்த வீட்டம்மாவிடம் போனில் விசாரித்தேன். அவர் ஓயாமல் புகழ்ந்தார். இவ்வளவு நல்லவரை எதற்கு அனுப்பினார்கள் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும்தான் வளர்கிறார்கள்.

"நாலு வயசுப் பிள்ளைய பாத்துக்க ஆள் தேடவே இந்தப் பாடு. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ள பாக்குறப்ப என்ன பண்ணப் போறியோ" என்றார் கணவர், போன வாரம் வீட்டில் இருந்த ஒரு நாள். "பேசாம கேமரா வச்சுடு."

"சேச்சே, ஒருத்தருக்குத் தெரியாம அவங்கள பாக்குறது அசிங்கம்."

"ஒட்டுக் கேக்குறது?"

"அது வேற."

அவர் போர்வைக்குள் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

அன்று கட்டிலில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு மகளின் குரல், விசாரணை அதிகாரி மாதிரி. "உங்கள என்னன்னு கூப்பிடணும்?"

"உனக்கு என்ன தோணுதோ அப்படிக் கூப்பிடு."

கொஞ்ச நேரம் யோசனை. "கொண்டை."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாளின் கொண்டை உண்மையிலேயே பெரியதுதான். அவர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கும் சிரிப்பு. "சரி. உன்னை நான் வாலுன்னு கூப்பிடுறேன், கணக்கு நேராயிடும்" என்றார்.

எனக்குச் சுவாரசியம் தட்ட ஆரம்பித்தது. வேவு பார்க்க வந்தவள், என் மகளையே புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இல்லாத வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு இதுவரை தெரிந்ததே இல்லை, தெரிய வழியும் இல்லையே! அவள் குரல் என்னிடம் பேசும்போது இருப்பதைவிட ஒரு படி தாழ்ந்திருந்தது, பெரிய மனுஷி மாதிரி. பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள், அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. பொய்யும் சரளமாக வந்தது.

"எங்க வீட்டுல காலைலதான் சாக்லேட் சாப்பிடுவோம்."

"அப்படியா! எனக்கும் பசிக்குது. ஒண்ணு எடுத்துட்டு வாயேன்."

"எங்க இருக்குன்னு தெரியாது."

"தினமும் சாப்பிடுற வீட்டுல அது எப்படித் தெரியாமப் போகும்?"

வாலு பேச்சை மாற்றினாள். "எங்கம்மா காது டாக்டர். அவங்களுக்கு எல்லாமே கேக்கும். பக்கத்து வீட்டுல ஸ்பூன் விழுந்தாக்கூடக் கேக்கும்."

"ஐயோ, அப்ப நாம மெதுவா பேசணுமோ?"

"வேணாம். நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது. போன் பாத்துட்டு இருப்பாங்க."

புகாராகச் சொல்லவில்லை அவள். மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கையில் இருந்த போனைச் சத்தமில்லாமல் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பிறகு பசில் பெட்டியைக் கொட்டினார்கள். அட்டைத் துண்டுகள் தரையில் சிதறும் அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். ஒட்டகச்சிவிங்கிப் படம் அது, மகளின் உயரத்துக்கு நீளம். நடுவில் கொண்டைக்காரருக்கு போன் வந்தது. அடுக்களைப் பக்கம் நகர்ந்து குரலைத் தணித்தார். தணித்த குரல்தான் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். "இன்னும் முடிவு பண்ணல. பொண்ணு வாலு, ஆனா தங்கம். அந்தம்மாதான் கண்ணாலயே எடை போடுது. என்னைய நம்ப மாட்டாங்கபோல. பாக்குறேன். நம்பாத வீட்டுல வேலை செய்ய முடியாது, சாப்பாடு இறங்காது." அட, இவரும் என்னைத் தேர்வு செய்ய வந்திருக்கிறாரா? எனக்கு அது தோன்றவே இல்லை. கோபம் வர வேண்டும். வந்தது கோபம்தானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கதவுக்கு அந்தப் பக்கம் சின்னக் கால்கள் ஓடி வந்து நின்றன.

கதவடி இடுக்கில் நிழல் விழுந்தது. அவள் தரையில் படுத்துவிட்டாள் என்று மூச்சுக் காற்றிலிருந்து தெரிந்தது.

"அம்மா?"

நான் மூச்சை அடக்கினேன்.

"அம்மா, உள்ள இருக்கியா?"

'நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது' என்றாளே. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவுதான். திறந்தால் இந்த அம்மாள் இன்றே போய்விடுவார், திங்கட்கிழமையும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியாக ஒரு பசில் துண்டு தலை நீட்டியது. மஞ்சளும் பழுப்புத் திட்டுமாக, கழுத்தின் நடுப்பகுதி. பாதியில் சிக்கி நின்றது. வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. எப்போது கட்டிலிலிருந்து இறங்கிக் கதவருகே குந்தினேனோ, என் கை என்னைக் கேட்காமலே போய், நகத்தால் அதை உள்ளே இழுத்தது.

அந்தப் பக்கம் ஒரு குட்டிச் சிரிப்பு. கால்கள் ஓடிவிட்டன.

கொண்டைக்காரர் போனை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கழுத்து எங்க? இப்பத்தான இங்க பாத்தேன்."

"எங்கம்மா எடுத்துக்கிட்டாங்க. அந்த ரூம்ல."

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க கண்ணு. உள்ள யாரும் இல்ல."

"இருக்காங்க. உள்ள இருந்து இழுத்தாங்க."

"சாக்லேட் பொய் பரவால்ல. தொலைச்ச பொருளுக்குப் பொய் சொல்லக் கூடாது."

பளார் என்று ஒரு சத்தம்.

எழுந்து நின்றுவிட்டேன். கன்னத்தில் விழுந்த அறை, சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு அழுகை வர வேண்டும், வரவில்லை. பயத்தில் வாயடைத்துப் போயிருப்பாள், இந்தப் பாவி என் பிள்ளையை அடித்துவிட்டாள். சாவியைத் தேடிக் கைப்பைக்குள் விரல்கள் துழாவின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சத்தம் வந்தது என்றுதான் காது சொல்லும், யார் கை, யார் கன்னம் என்று அதற்குத் தெரியாது. சாவி கிடைத்த நேரத்தில் கொண்டைக்காரரின் குரல் வந்தது.

"அம்மாடி! வலிக்குது."

பசில் துண்டுகள் சரசரவென்று நகர்ந்தன.

"எதுக்கு அடிச்ச?"

"நான் பொய் சொல்லல." இப்போதுதான் அழுகை வந்தது, மூச்சு முட்டிய அழுகை. "நான் பொய் சொல்லவே இல்ல."

நான் சாவியோடு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் பொய் சொல்லவில்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.

"சரி" என்றார் அவர் கடைசியில். "அடிச்சது தப்பு. கோவம் வந்தா வாயால சொல்லணும். அம்மா வந்ததும் கதவத் திறந்து பாப்போம். துண்டு உள்ள இருந்தா நான் சொன்னது தப்பு, உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். போதுமா?"

மூக்கை உறிஞ்சிய சத்தம் சரி என்று சொன்னது.

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெம்பில்லை. போனையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே வெளியேறி, பின்சந்து வழியாகச் சுற்றி வந்து முன்வாசல் மணியை அடித்தேன். கொண்டைக்காரர் கதவைத் திறந்தார். கிளம்பத் தயாராகப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருந்தா?"

"சமத்தும்மா. ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் இடது கன்னத்தில் சின்ன விரல்களின் தடம் சிவந்து தெரிந்தது. பார்த்தும் கேட்காமல் இருந்தால் அதுவும் விசித்திரமாக இருக்கும். "கன்னத்துல என்ன?" என்றேன்.

"கொசும்மா. அடிச்சேன், தப்பிச்சிடுச்சு."

எனக்குப் பெருமூச்சு வந்தது, கூடவே பயமும் வந்தது. என் மகளைக் காட்டிக்கொடுக்காதவர். நாளைக்கு அவள் கீழே விழுந்து மண்டையில் அடிபட்டாலும் இப்படித்தான் கொசு என்பாரா? இவ்வளவு நல்ல மனசை நம்பலாமா, கூடாதா? ஆள் தேடுவதில் இப்படியும் ஒரு கேள்வி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டுத் தெளியவும் வழியில்லை. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

"கொசு இல்ல" என்றாள் மகள். "நான்தான் அடிச்சேன்."

கொண்டைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "நாங்க பேசித் தீத்துக்கிட்டோம்மா. மொத நாளே கோள் சொல்ல வேணாமேன்னு பாத்தேன். ஒரே ஒரு விஷயம். அந்த ரூம கொஞ்சம் திறந்து காட்டுங்க. பசில் துண்டு ஒண்ணு கதவுக்கு அடியில போயிடுச்சுங்குறா. பாப்போம்னு வாக்குக் குடுத்துட்டேன்."

அப்போதுதான் என் இடது கை மூடியே இருப்பதை உணர்ந்தேன். செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் வலது கையாலேயே பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். உள்ளே அட்டைத் துண்டு வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

சாவியை எடுத்தேன். வழி சுலபம்தான். கதவைத் திறந்து, குனிந்து, தரையில் நழுவவிட்டு, 'இதோ இருக்கே' என்று எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அவர் மன்னிப்புக் கேட்பார், மகள் பொய் சொல்லவில்லை என்றாகும், திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவேன். யாருக்கும் நஷ்டமில்லை. மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவடியில் உட்கார்ந்து, இடுக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கதான் குடுத்தேன். உள்ள இருந்து விரல் வந்து இழுத்துச்சு. நெஜமா."

"விரலா?" என்றார் கொண்டைக்காரர், அவளைப் பார்த்து, பாதி சிரிப்போடு. நேரமாகிவிட்டதால் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்திருந்தார்.

மகள் சிரிக்கவில்லை. கதவைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள். அவள் கண்களில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும்தான் இருந்தது. எனக்குச் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது.

இடது கையை நீட்டி விரித்தேன்.

மகள் ஆச்சரியப்படவே இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு ஓடினாள். தரையில் ஒட்டகச்சிவிங்கி தலை தனி, உடல் தனியாகக் கிடந்தது. கொண்டைக்காரர் என் கையைப் பார்த்தார். அட்டையின் வளைவுகள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன. பிறகு பூட்டிய கதவைப் பார்த்தார். அவர் கை தன் கன்னத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"கொண்டை, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள் மகள். "கழுத்து ஈரமா இருக்கு, உக்கார மாட்டேங்குது. நீங்க ஒரு பக்கம் அழுத்துங்க."

ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில், அவர் வாசலிலேயே நின்றார். மகள் இரண்டு கையாலும் துண்டை அழுத்திப் பிடித்தபடி எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.