மூணு வரைக்கும் போகலாம்

காலை எட்டு மணிக்கு ஆற்றின் அளவுப் பலகையில் தண்ணீர் புள்ளி ஒன்பதில் நின்றது. நான் தரைப்பாலத்துக்குக் குறுக்கே சங்கிலியை இழுத்துப் பூட்டினேன். ஒன்று வந்தால்தான் பூட்ட வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. உத்தரவு ராஜபாளையத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கிறவள் நான். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது, சருகும் சுள்ளியும் நுரையுமாக வந்தது. ஊருக்குள் ஒரு பொட்டு மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே மலையை மட்டும் காணவில்லை, அம்புட்டும் கறுப்பு. அங்கே ஊற்றுகிற மழை இங்கே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். பதினோரு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் பெயர் வேலுத்தாய். வேலை கேஜ் ரீடர், அதுவும் தினக்கூலி. கேஜ் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சத்திரப்பட்டியில் நெய்கிற காஜ், அதாவது பேண்டேஜ் துணிதான் ஞாபகம் வரும். கல்யாண வீட்டில் ஒருத்தி, 'எந்த மில்லுல காஜ் ஓட்டுறிய?' என்று கேட்டாள். ஆற்றை ஓட்டுகிறேன் என்றேன். ஆற்றின் நடுவே பாலத்தை ஒட்டி ஒரு தூண், அதில் எண் போட்ட பலகை. காலை எட்டு, மாலை ஐந்து, மழைக்காலத்தில் மணிக்கொரு தரம் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து ஆபீசுக்குப் போன் போட வேண்டும். அளவு மீறினால் சங்கிலியைப் பூட்ட வேண்டும். அக்கரையில் கருப்பசாமி கோயில் இருப்பதால் இந்தப் பாலத்தில் வெள்ளி செவ்வாய்க்கு ஆள் நடமாட்டம் ஓயாது.

பழைய பலகை அடிக்கணக்கு. மூணு என்றால் பாலத்துக்கு மேலே கெண்டைக்கால் தண்ணீர். அதுக்கு மேல் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். 'மூணு வரைக்கும் போகலாம்' என்பது இந்த வட்டாரத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். போன ஆவணியில் அந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதுசு மாட்டினார்கள். பளபளவென்று இருந்தது, ஆனால் மீட்டர்கணக்கு. பழைய மூணு அடி இதில் புள்ளி ஒன்பது. கணக்குக்கு வசதியாக அதையும் ஒன்று என்று ஆக்கிவிட்டார்கள். ஆட்களின் வாயில் இருந்த மூணை யார் பிடுங்குவது? இந்தப் பலகையில் மூணு வருகிற அன்றைக்குக் கோயில் கோபுரத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆபீஸ் ஜூனியர் இன்ஜினியர் சிவரஞ்சனி மேடத்திடம் இதைச் சொன்னேன். நல்ல பிள்ளை, என் மகள் வயசு.

"இந்தியா முழுக்க மீட்டர்தான்க்கா," என்றாள்.

"இந்தியா முழுக்கவா மேடம் இந்த ஆத்தத் தாண்டுது?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

புரட்டாசியில் பால்சாமி விழுந்தான். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவன். வேறொரு வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் சங்கிலியைப் பூட்டப் போவதற்குள், பலகையில் ஒண்ணு புள்ளி ரெண்டு என்று பார்த்துவிட்டு பைக்கை இறக்கிவிட்டான். பாதிப் பாலத்தில் வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது. ஆளும் வண்டியும் சேர்ந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நாணல் புதரில் கை சிக்கியதால் பிழைத்தான். வண்டி எங்கே போனதோ இன்றைக்கு வரைக்கும் தகவல் இல்லை. கரையில் வாந்தி எடுத்துக்கொண்டே, "ஒண்ணுதானக்கா இருந்துச்சு, ஒண்ணுதான இருந்துச்சு" என்று புலம்பினான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவனை அறைந்துவிட்டேன். அறை வாங்க வேண்டியவன் அவன் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள், சங்கிலிக் கம்பத்துக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு பாலத்தில் இறங்கினேன். தூணை ஒட்டி நின்று என் உடம்பையே அளவாக வைத்தேன். பலகைக்குப் பக்கத்தில், கால் ஆடுசதைக்கு நேராகக் கெண்டைக்கால் என்று எழுதினேன். அதுக்கு மேலே முழங்கால், இடுப்பு, கழுத்து. கழுத்து எழுதும்போது பெயிண்ட் அதிகமாகி ஒரு சாண் நீளத்துக்கு வழிந்தது. துடைக்கத் துணி இல்லை, விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மேடம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அரசாங்கச் சொத்தில் கிறுக்கியதற்கு மெமோ வந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் அழிக்காவிட்டால் வேலை கிடையாது. அந்தத் தாளை நாலாக மடித்து ரீடிங் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் கோயில் பொங்கல். ஒன்பது மணிக்கு இரண்டு வேன், ஒரு டிராக்டர், பொங்கல் பானையோடு முப்பது நாற்பது பெண்கள். முன்னால் விழாக் கமிட்டித் தலைவர் ஐயாதுரை அண்ணாச்சி, வெள்ளைச் சட்டையும் தங்க மோதிரமுமாக இறங்கினார்.

"ஏம்மா வேலுத்தாயி, சங்கிலிய எடு. நல்ல நேரம் போகுதுல்லா."

"தண்ணி வருது அண்ணாச்சி. இன்னைக்கு யாரும் தாண்டக் கூடாது."

அவர் பலகையை எட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூட ஆகல. மூணு வரைக்கும் போகலாம்லா, புதுசா என்ன சட்டம்?"

"அது அடி. இது மீட்டரு. பால்சாமியக் கேளுங்க."

பால்சாமி புது பைக்கில் கூட்டத்தோடு வந்திருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அந்த பைக்கை ஜாமீன் நின்று வாங்கிக் கொடுத்ததே அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி யாருக்கோ போன் போட்டார். அந்த ஆள் இன்னும் மேலே யாருக்கோ போட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிசத்தில் என் போன் அடித்தது.

"அக்கா, ரீடிங் என்ன?"

"புள்ளி தொண்ணூத்தி மூணு மேடம். தண்ணி கலங்கி வருது."

"ஒண்ணுக்குத்தானக்கா செயின். மேல இருந்து ரொம்பப் பேசுறாங்க. இப்போதைக்குத் தொறந்து விட்டுருங்க."

"சரி மேடம். தொறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. வாட்ஸப்புல ஒரு வரி போட்டாலும் போதும்."

மேடம் போனை வைத்துவிட்டாள். வாட்ஸப்பில் ஒன்றும் வரவில்லை.

"இவகிட்ட என்ன பேச்சு? சாவிய வாங்குங்கலே," என்றார் அண்ணாச்சி. டிராக்டரில் இருந்து இரண்டு பேர் குதித்தார்கள். முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து ஆற்றின் நடுவே வீசினேன். டப் என்று விழுந்தது.

"ஏட்டி, அது கவர்மெண்டு சாவி."

"எத்தன மீட்டர் ஆழத்துல கெடக்குன்னு பாத்து எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் நடந்து போகிறவர்களைச் சங்கிலி தடுக்காதே. ஒருத்தன் குனிந்து சங்கிலிக்குக் கீழே நுழையப் பார்த்தான். அப்போது பைக் உறுமியது. பால்சாமி வண்டியைச் சங்கிலியை ஒட்டிக் குறுக்கே நிறுத்தினான். பெட்ரோல் டேங்கில் கை ஊன்றி நின்றான். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏலே, நீயுமா?" என்றார் அண்ணாச்சி.

பானையை இடுப்பில் வைத்திருந்த ஒரு சின்னப் பெண், புதுத்தாலி, தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் செவப்பு எழுத்துல கெண்டைக்கால்னு இருந்துச்சு. இப்பக் காணலையே," என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். கெண்டைக்காலைக் காணவில்லை. முழங்கால் என்ற எழுத்தில் ழ-வின் வால் மெதுவாக நனைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள், பிறகு பானையை ரோட்டில் இறக்கி வைத்தாள். அடுத்தவளும் இறக்கினாள். வரிசையாகப் பானைகள் தார்ரோட்டில் உட்கார்ந்தன.

அதற்குப் பிறகுதான் மேற்கே இருந்து சத்தம் வந்தது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். வேரோடு ஒரு மருதமரம் பாலத்தின் மேலேயே உருண்டு போனது. வேன்காரர்கள் யாரும் சொல்லாமலே ரிவர்ஸ் எடுத்தார்கள். அண்ணாச்சி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது.

"அக்கா, ரீடிங் சொல்லுங்க. கீழ எல்லா ஊருக்கும் சொல்லணும், சீக்கிரம்."

ஒண்ணு புள்ளி ஆறு என்று பலகையில் தெளிவாகவே தெரிந்தது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

"இடுப்பு மேடம்."

எழுதுகிறாளா, கோபத்தில் இருக்கிறாளா தெரியவில்லை.

"யார் இடுப்புக்கா?"

"என் இடுப்பு."

"சரி," என்றாள். "ஏறுதா?"

தூணைப் பார்த்தேன். இடுப்பையும் காணவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சாண் வழிந்திருந்த சிவப்புப் பெயிண்டின் நுனியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.