பாதிக் குதிரை

எங்கள் நிறுவனம் கன்சோலுக்கு ரோல்பிளேயிங் வீடியோ கேம் தயாரிக்கிறது. அதாவது, யாரோ சோபாவில் சாய்ந்தபடி ராஜ்யத்தைக் காப்பாற்ற, நாங்கள் முதுகெலும்பைத் தேய்த்துக்கொள்ளும் தொழில்.

போன வருடம் இரண்டு கேம் வந்தன. பெரியதைச் செய்தவர்கள் முந்நூறு பேர். செலவு இருநூற்றுப் பத்துக் கோடி, விற்பனை வரவு நூற்று நாற்பது. சின்னதைச் செய்தவர்கள் என் அக்காவும் இன்னும் ஐந்து பேரும். செலவு ஏழு, வரவு நாற்பத்தொன்று. அடுத்த கேமுக்கு ஒரு குழுவுக்குத்தான் பணம். இன்னொரு குழுவுக்கு வாசல். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவது என் பொறுப்பு. என்னைக் கணக்குப் பிரிவில் சேர்த்துவிட்டதே அக்காதான்.

பெரிய கேமின் இயக்குநர், எங்கள் பாஷையில் சக்கரவர்த்தி, புதினா மிட்டாயை உருட்டிக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, பொதுச்செலவைப் பிரிக்கலையா?”

“எது சார் பொது?”

“ஸ்டூடியோ, நடிகருங்க, வெளியீட்டு விருந்து, குதிரை. மொத்தம் நூத்தறுபது கோடி. கம்பெனிக்காகத்தானே செஞ்சோம்? சரிபாதியா போடு.”

குதிரை நிஜக் குதிரை. அது ஓடும் அழகைப் பதிவுசெய்ய நான்கு மாதம் ஏசி அறையில் வைத்திருந்தார்கள். அக்கா குழுவின் அறையில் ஒரு மின்விசிறி உண்டு. அது சுற்றாது, முனகும்.

“அக்கா கேம்ல குதிரையே இல்லையே சார். எல்லாரும் நடந்துதான் போறாங்க.”

“யாரு வேண்டாம்னா? இருந்துச்சு, அவங்க யூஸ் பண்ணிக்கலை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. குதிரையை மறைத்த முதல் ஆள் நான்தான். பிரித்துப் போட்டதும் பெரிய கேமுக்குப் பத்துக் கோடி லாபம் வந்தது. சின்னது நாற்பத்தாறு கோடி நஷ்டத்தில் கிடந்தது.

“சார், இது அநியாயமா தெரியலையா?”

“ஆறு பேர் லாபம் பண்ணிட்டாங்கன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா, முந்நூறு பேர் எதுக்குன்னு கேப்பாரு. அப்புறம் நான் எதுக்குன்னு கேப்பாரு.” மிட்டாயைக் கடக்கென்று கடித்தார். “உனக்கு வேலை பிடிச்சிருக்கில்ல?”

பிடித்திருந்தது. அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சின்னக் குழு கலைக்கப்பட்டது. அக்கா அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கையில் என் அட்டவணை.

“நீ போட்டதாடா இது?”

“மேல சொன்னாங்கக்கா.”

“மேலன்னா யாரு, ஆண்டவனா?”

நான் மேசையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

“மதியம் சோறு இறங்குச்சா உனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரத்துப் பொய்யையெல்லாம் அட்டவணையிலேயே செலவழித்துவிட்டேன்.

“இறங்குச்சுக்கா. ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.”

அவள் திட்டவில்லை. நடைபாதையில் கிடக்கும் அசிங்கத்தைக் கண்டவள்போல, உடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் நாற்காலியைச் சுற்றி ஒதுங்கி நடந்து போனாள்.