ஐந்து குண்டும் இரண்டு ஓட்டையும்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் துணி அகப்படவில்லை. ஜெயலக்ஷ்மி பின்னறைக்கு ஓடி, துப்பாக்கிக் குழல் துடைக்க அவர் நறுக்கி வைத்திருந்த துணியில் நீளமாக ஒன்றை எடுத்து வந்தாள். எண்ணெய் வாடை அடித்தது. சித்தப்பா சந்திரமௌலி முகத்தைச் சுளித்தாலும் அதையே வாங்கிக் கட்டினார்.

"பத்தரைக்குள்ள எடுத்துடணும். அப்புறம் எமகண்டம்," என்றார் சாஸ்திரிகள்.

மணி ஒன்பது. விடிகாலை ஐந்துக்குத் தண்ணீர் கேட்டவர், தம்ளர் வருவதற்குள் போய்விட்டார். உடலை எடுக்காமல் கூடாது என்று அபிராமபுரத்துத் தெருவில் பாதிப் பேர் இன்னும் காப்பியே குடித்திருக்கவில்லை.

ஜெயாவுக்கு அழுகை வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் காரில் தான் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. "மூணு வருஷமா செம்பு செம்புன்னு உயிரை வாங்கினே. விட்டுடேன்பா." அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, விட்டுடலாம்," என்றார். அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இருபத்தாறு வருஷம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, கடைசியில் பேசியது இந்த லட்சணத்தில் அமைந்துவிட்டது.

அப்பா வெங்கடரமணன் தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி ஒன்று, பெரிய மேக்னம் ரைஃபிள், லைசென்ஸோடு வீட்டில் இருந்தது. வேட்டை சட்டப்படி நின்றுபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இவர் சுட்டதெல்லாம் காகிதத்தைத்தான். வெளிநாட்டுத் தோட்டா விற்கிற விலைக்கு, தானே தோட்டா கட்டிக்கொள்வார். குண்டுக்கு ஈயம் உருக்குவது சமையலறை அடுப்பில். ஒருநாள் டாக்டர், இரத்தத்திலேயே ஈயம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"இந்த ஆத்துல ஈயம் இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன்," என்றாள் அம்மா காமாக்ஷி. சொன்னதோடு நிற்காமல் ரசம் வைக்கிற ஈயச்சொம்பையும் தூக்கிப் போட்டாள். அது வெள்ளீயம், வேறு உலோகம் என்று அப்பா அரைமணி நேரம் பாடம் நடத்தியும் பலிக்கவில்லை.

அன்று பிடித்தது செம்புப் பைத்தியம். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீளமாக வேண்டும். நீளமானால் குழலில் சரியாகச் சுழலாமல் போகிற வழியில் குப்புறப் புரளும். நீளத்தைக் குறைத்தார், வெடிமருந்தை மாற்றினார், கடைசல் மெஷினில் மறுபடி மறுபடி கடைந்தார். ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் எண், குண்டின் அடியில் பொடியாகப் பொறித்திருக்கும். முப்பத்தொன்பதாம் எண் குண்டு காகிதத்துக்கு மேலேயே பறந்து போயிற்று. நாற்பதும் அப்படித்தான்.

நேற்று நாற்பத்தொன்று. துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையை அப்பாவின் தோள் இனித் தாங்காது என்பதால் சுட்டது ஜெயா. சுடுதளத்தில், நூறு மீட்டரில் ஐந்து குண்டு. இலக்குத் தாள் மாட்டுகிற ஷரஃபுதீன் தாளைக் கொண்டுவந்து தயங்கியபடி நீட்டினார். இரண்டே ஓட்டை. மூன்று குண்டு காணோம். அப்பா கண்ணாடியைத் தேடுவதற்குள் ஜெயா தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. ஷரஃபுதீன். கையில் ஒரு தீப்பெட்டி.

"இன்னா பாப்பா, சார் இப்பிடிப் பண்ணிட்டாரு," என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தக் குடுக்கத்தான் கெளம்பினேன். தெரு முனையில சொன்னாங்கோ."

ஞாயிறுதோறும் அவர்கள் கிளம்பிய பிறகு, இலக்குக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டைச் சலித்து, செம்புக் குண்டுகளைப் பொறுக்கி வைப்பது அவர் வழக்கம். மணலில் மோதிக் குண்டின் மூக்கு எப்படி விரிந்தது என்று அப்பா பார்ப்பார். ஈயம் மணலில் பொடியாகிவிடும். செம்பு முழுசாகக் கிடக்கும்.

ஜெயா தீப்பெட்டியைத் திறந்தாள். ஐந்து. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். 41. 41. 41. 41. 41.

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நம்ம தாளுக்கு நேர் பின்னாடிதாம்மா. அல்லாமே ஒரே எடத்துல கீது. என் கையி அகலங்கூட இல்ல."

"தாளுக்கு வெளியில ஒண்ணுமே இல்லையா?"

"வெளியிலயா? அதான் அஞ்சும் இங்க கீதே."

அந்த இடத்துக்கு ஐந்தும் தாளைத் துளைக்காமல் வந்திருக்க முடியாது. தாளில் ஓட்டையோ இரண்டு. அப்படியானால் ஒரு குண்டு போன வழியிலேயே அடுத்ததும் போயிருக்கிறது, அதற்கடுத்ததும். காணாமல் போன மூன்றும் தவறவே இல்லை. நூறு மீட்டரில், செம்பில், ஒரு காலணா அளவுக்குள். உலகத்திலேயே அதைப் புரிந்துகொண்டு குதிக்கக்கூடிய ஒரே மனிதர் கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார்.

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, "பாவம், இப்பத்தான் அழறது குழந்தை," என்று முதுகைத் தடவினாள்.

"வாய்க்கரிசி போடறவா வரலாம்," என்று உள்ளே குரல் கேட்டது. "நாழியாயிண்டிருக்கு."

ஜெயா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். தீப்பெட்டியை விடவில்லை, இன்னொரு கையில் யாரோ அரிசியைத் திணித்தார்கள். அப்பாவின் இடப்பக்கம் மண்டியிட்டு, அரிசியைப் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் காதோடு குனிந்தாள்.

"அப்பா, நாப்பத்தொண்ணு. அஞ்சும் பட்டிருக்குப்பா. ரெண்டே ஓட்டையில. நான்தான் பார்க்காம கிழிச்சுட்டேன்."

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெயா, எழுந்திரும்மா. மணி ஆறது."

"இருங்கோ," என்றாள் காமாக்ஷி. கையிலிருந்த அரிசியை அப்படியே பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"அந்தக் காது வெடிச் சத்தத்துல என்னிக்கோ போயாச்சுடி. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

தூக்க வந்த நான்கு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெயா தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.