மழைக்கு முன் பிறந்தவள்

இஸ்திரிக்காரம்மா பெட்டி இல்லாமல் வெறுங்கையாலேயே துணி தேய்ப்பாள். எல்லா வருஷமும் இல்லை. எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கடல் சூடேறும் வருஷங்களில் மட்டும். அப்போது சட்டையைப் பலகையில் விரித்து உள்ளங்கையால் இரண்டு முறை தடவினால் போதும், மடிப்பு விறைத்து நிற்கும். கரண்டுதான் மிச்சமாகிறதே என்று வாடிக்கைக்காரர்கள் கூலியைக் குறைக்கச் சொல்வார்கள். அவள் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோல அறையின் கூரையில் வெளிச்சம் அலையலையாக நெளியும். தலையணை உப்பு பூத்துக் கிடக்கும். கடலை அவள் பார்த்ததே கிடையாது. அவள் உடம்பு சுட்டால் அடுத்த மழைக்காலம் பொய்த்துப் போகும். குளிர்ந்தால் கொட்டித் தீர்க்கும். எப்போது எது வரும் என்பதற்குக் கணக்கு வழக்கில்லை. அவள் புருஷன் ஐஸ் ஃபேக்டரிக்காரர். பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று தெருவே கேலி செய்யும்.

கேலி செய்ய முடியாத ஒரு வருஷமும் இருந்தது. அவள் முதல்முறை உண்டாகியிருந்தபோது கடல் திடீரென்று குளிர்ந்துவிட்டது. ஊரில் ஏரி நிறைந்து மதகு திறந்தார்கள். அவளுக்கோ வயிற்றுப் பிள்ளை விறைத்துப் போனது. ஊரே நனைந்து கூத்தாடிய அந்த வாரம் அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அதை ஐஸ் ஃபேக்டரிக்காரர் மறக்கவே இல்லை. நமக்கும் நினைத்தால் மனசு கசக்கத்தான் செய்கிறது.

பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று விட்ட பிறகு, அவள் மறுபடி உண்டானாள். அது சூட்டு வருஷம், அதுவும் தொடர்ந்து இரண்டாவது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது, மாடுகள் சுவரை நக்கின. ஊர் முழுக்க மழை சீக்கிரம் வரட்டும் என்று வேண்டியது. அந்த ஒரு வீடு மட்டும், பிள்ளை பிறக்கும்வரை வராமல் இருக்கட்டும் என்று வேண்டியது. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய வேண்டுதலா அது?

வானிலை ஆபீஸ்காரர் ஒருவர் வந்து அவள் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். கடலில் மிதக்கவிட்ட கருவிகள் காட்டுவதுபோலவே ஏறி இறங்குகிறது என்றார். கடல் ஒரு பக்கம் சூடானால் இன்னொரு பக்கம் குளிரும், காற்று திசை தடுமாறும், நமக்கு வரவேண்டிய மேகம் அங்கேயே பெய்து தீர்ந்துவிடும் என்று விளக்கினார். நிலமெல்லாம் காய்ந்து கிடந்த அவள் நாத்தனார், புருஷனின் அக்கா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப இவள ஆறவெச்சா கடலும் ஆறிடுமா?"

"இல்லீங்க. தெர்மாமீட்டரத் தண்ணில முக்குனா காய்ச்சல் எறங்குமா?"

"முக்கிப் பாத்தா என்ன கெட்டுப்போச்சு?"

அதையே ஊரும் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஐஸ் ஃபேக்டரி வாசலில் கூட்டம். அவளை ஐஸ் ரூமில் படுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"தம்பி, ஒரே ஒரு நாள் படுக்கவெச்சா குடியா முழுகிடும்?" என்றாள் நாத்தனார்.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். உள்ளே போனார், மெஷினை நிறுத்தினார், இருந்த ஐஸ் பாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நடுத்தெருவில் தள்ளினார். வெயில் அவற்றைத் தின்ன ஆரம்பித்தது. சாக்கடையை நோக்கித் தண்ணீர் ஓடுவதைக் கூட்டம் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் வந்த வேலையை மறந்து குடத்துக்கு ஓடியது. முதலில் ஓடியவள் நாத்தனார். ஒருவர் குடத்தை ஒருவர் இடித்துக்கொண்டு சாயங்காலம்வரை பிடித்தார்கள். அடுத்த மழைவரை அவர் மெஷினைத் தொடவே இல்லை. பிழைப்பு போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னார். அவள் அழுதாள், கண்ணீர் கன்னத்திலேயே ஆவியாகிப் போனது.

குழந்தை பிறந்தபோது கடல் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. பெண் குழந்தை. தொட்டால் சில்லென்று இருந்தது. டாக்டரம்மா அவசரமாகத் துணியில் சுற்றினார், ஆனால் குழந்தை தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கத்தியது. இஸ்திரிக்காரம்மா பயப்படவே இல்லை. இவள் கடலின் மறுபக்கம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மார்பில் போட்டுக்கொண்டதும் இருவருக்கும் இதமாக இருந்தது. அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் வரிசையில் வந்து குழந்தையை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அன்று ஐஸ் ஃபேக்டரி வாசலில் கூடியவர்களும் வந்தார்கள். பால் கொடுக்கவேண்டும் என்று பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் கடல் புரண்டு படுத்தது. கூரையில் நெளிந்த வெளிச்சம் அடங்கி, அறை மங்கலானது. இஸ்திரிக்காரம்மாவின் உதடு நீலம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மழை இறங்கியது. ஊர் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்று வாயைத் திறந்தது. நாத்தனார் மட்டும் சொட்டச் சொட்ட இந்த வீட்டுக்கு ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அந்த வீட்டில் மழையன்று யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி. ஐஸ் ஃபேக்டரிக்காரர் கதவை அகலத் திறந்து அக்காவுக்கு வழிவிட்டார்.

"ஒண்ணும் ஆகல அண்ணி," என்றாள் உள்ளிருந்து இஸ்திரிக்காரம்மா, பல் தந்தியடிக்க. "நல்லா சுடறா. வந்து தொட்டுப் பாருங்க."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். சுட்டது. கதவைச் சாத்திவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை நுழைத்துக் குளிர்காய்ந்தாள்.