வேர் காயும் முன்

குளிப்பாட்டிக் கோடி உடுத்திய கணவன் மாரிக்கண்ணனின் கால் பெருவிரல்களை விஜயராணி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜமால் வாசலிலிருந்து மெல்லக் கூப்பிட்டான்.

"மதினி, மரம் வெளிய கெடக்கு. நான் போட்ட ஈரச்சாக்கும் காஞ்சிட்டு."

முடிச்சைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். அவர் விட்டது விட்டபடியே கிடந்தது. தாராவி ரயில்வே சுவரின் இடுக்கில் முளைத்ததைப் பிடுங்கிவந்து, முழங்கை உயரத்துக்கு மேல் போகவிடாமல் வளர்த்த குட்டை ஆலமரம். சட்டிக்குள் வேர் சுருண்டு இறுகிப்போய், ஊற்றும் தண்ணீரெல்லாம் மேலோடு வழிந்துகொண்டிருந்தது. "குளிருக்கு முன்னாடி சட்டிய மாத்திரணும் ராணி, இல்லன்னா தாங்காது" என்று தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை பை தைக்கும் பட்டறைக்கு லீவு போட்டு, மரத்தை வெளியே எடுத்து, வேரைக் கோதி நறுக்கினார். புதுச் சட்டியில் வைக்குமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

விஜயராணி முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"நில்லு தாயி" என்றார் மாரிக்கண்ணனின் அண்ணன் பிரம்மநாயகம். "எழவு வீட்டுக் கை பட்டா மரம் பட்டுப்போகும். பதினாறு கழியட்டும்."

"அதுவரைக்கும் வேரு வெறுங்காத்துல நிக்குமா அத்தான்?"

"அப்ப ஜமால் வைக்கட்டும். அவனுக்குத் தீட்டு இல்லல்லா."

ஜமால் தலையைச் சொறிந்தான். "எனக்குப் பையில ஜிப்பு வைக்கத்தான் தெரியும் அண்ணாச்சி. மரத்தத் தலகீழா வச்சிருவேன்."

அழுதுகொண்டிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு இன்னும் வீட்டுலதான இருக்காரு" என்றாள் விஜயராணி. "வேலை அவரு வேலை. நான் கை மட்டும்தான் குடுக்கேன்."

பிரம்மநாயகம் வாசலைவிட்டு விலகி நின்றார். பாடை கட்ட வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

செங்கல்தூளும் மணலும் எருவும் அவரே கலந்து வைத்திருந்தார். அதைப் பரப்பி மரத்தை நிறுத்தினாள். சாய்ந்தது. ஒரு கையால் பிடித்தால் மறுகைக்கு மண் அடங்கவில்லை. மீண்டும் சாய்ந்தது.

எதிரே யாரோ குந்தினார்கள். பிரம்மநாயகம்தான். தண்டைப் பிடித்துக்கொண்டு, "நேரா இருக்கா பாரு" என்றார். அவள் குச்சியால் வேரிடுக்கெல்லாம் மண்ணைக் குத்தி இறக்கினாள்.

ஊற்றத் தண்ணீர் இல்லை. டிரம் காலி, குழாயில் இனி நாளைக்குத்தான் வரும். பிரம்மநாயகமே எழுந்து உள்ளே போனார். தம்பியைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் சுமந்துவந்த நீர்மாலைத் தண்ணீர் குடத்தில் கொஞ்சம் மீந்திருந்தது. அதைக் கொண்டுவந்து நிதானமாக ஊற்றினார். தெய்வம் சில வேளை தடுத்த கையிடமே கருணையைக் கொடுத்தனுப்பும்.

தண்ணீர் மேலே தேங்காமல் உள்ளே போய், சட்டியின் அடித்துளையில் ஒழுகிற்று.

"எறங்குது!" சிக்ஸர் பார்த்தவன்போல் கத்திவிட்டான் ஜமால். யாரும் அவனை அடக்கவில்லை.

சந்தில் திரும்ப இடமில்லாமல் பாடையைச் சற்றுச் சாய்த்தே கொண்டுபோனார்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட்டார்கள். விஜயராணி திரும்பி வந்து சட்டியை நிழலுக்கு நகர்த்தினாள். ஒரு விரலால் தண்டைத் தள்ளிப் பார்த்தாள்.

அசையவில்லை.