பன்னிரண்டு மணி மரண அறிவிப்பு

அப்பா இறந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு வானொலி நிலையத்துக்குப் போன் செய்தேன். கோலாலம்பூரில் எடுத்த பெண்ணுக்குக் குரல் சின்னது, வேலை சுத்தம். பெயர், வயது, ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டாள். ஸ்டானிஸ்லாஸ் அந்தோணிசாமி, எண்பத்தொன்று, ஈப்போ, மாலை நான்கு மணி, முன்பு சுங்கை கெலாடி தோட்டத்தில் இருந்தவர் என்று சொன்னேன்.

"தோட்டத்துல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களாம்மா? அதையும் சேர்த்து வாசிச்சாத்தான் ஆளுங்களுக்குத் தெரியும். நெறைய பேரு அப்படித்தான் குடுப்பாங்க."

"அப்படி ஒன்னும் இல்லம்மா," என்றேன்.

"சரிம்மா. மாத்தணும்னா பத்து மணிக்குள்ள கூப்பிடுங்க. பன்னெண்டு மணிக்கு வாசிப்போம்."

நான் சொன்னது பச்சைப் பொய். அப்பாவின் பெயர் ஸ்டானிஸ்லாஸ் என்பது ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கும் அடையாள அட்டைக்கும்தான் தெரியும். தோட்டத்துக்கு அவர் வாளி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டியவர். பிறகு தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்தது, அப்பா ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டப் போனார், பெயர் மட்டும் போகவில்லை. அவர் அதற்காக முகம் சுளித்ததே இல்லை. 'வாளிண்ணே' என்றால் 'ஓய்' என்பார், அவ்வளவுதான். 'வாளி மவ' என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டுக் குன்றிப்போனவள் நான்.

அன்றைக்கு என் கணவர் ரோய்ஸ்டனின் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். அவருடைய பேங்க் நண்பர்களும், நான் வேலை செய்யும் கிளினிக்கின் டாக்டரும் வருவதாக இருந்தது. நாடு முழுக்கக் கேட்கும் வானொலியில் அந்தப் பெயரை வாசிக்க விட எனக்கு மனம் வரவில்லை.

சமையலறையில் அப்பாவின் ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. காலைச் சிந்தனையிலிருந்து ராத்திரிச் செய்தி வரை அவர் ஒன்றையும் விடமாட்டார். அடுப்பே பற்ற வைக்கத் தெரியாத மனிதர் சமையல் குறிப்பைக்கூடக் கவனமாகக் கேட்பார். ஆனால் பன்னிரண்டு மணி மரண அறிவிப்பு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். தோட்டத்தை விற்ற பிறகு சனங்கள் பாரிட் புந்தார், பாகான் செராய், காம்பார் என்று சிதறிப்போனார்கள். அவர்களுக்கு அந்த அறிவிப்புதான் கடுதாசி. தெரிந்த பெயர் வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு சாவையும் விட்டதில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு டாக்டர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார். பிறகு யாரோ ஒரு அம்மாள் மீன் சம்பலுக்குப் பக்குவம் சொன்னார். நான் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ரோய்ஸ்டன் அதைப் பார்த்துவிட்டார்.

"மாமா போன்ல தோட்டத்து ஆளுங்க நம்பர் இருக்கும்ல? அடிச்சுச் சொல்லிரு லா."

இருந்தன. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எந்த எண்ணை அடித்தாலும் 'வாளி மகள் பேசுகிறேன்' என்றுதான் தொடங்க வேண்டும். ரோய்ஸ்டனுடைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அதான் ரேடியோல வருதே," என்றேன்.

பத்து மணிச் செய்தி தொடங்கியது. இனி மாற்ற முடியாது என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "ரொம்ப மரியாதையா வாசிச்சாங்க," என்றார் மாமியார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவள்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ரேடியோவில் நாடகம் போய்க்கொண்டிருந்தது, அதில் யாரோ யாருக்காகவோ அழுதார்கள். பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா தங்கள் சாப்பாட்டுக் கடையிலிருந்து எண்பது பொட்டலம் சோறு கட்டி அனுப்பியிருந்தார். அவரே வந்து நின்றார்.

"தோட்டத்து ஆளுங்க பஸ்ஸு பஸ்ஸா வருவாங்கன்னு கட்டுனேன். எங்க எல்ஸி, ஒருத்தரையும் காணோம்?"

"தூரம்லக்கா," என்றேன். அடுத்த பொய்.

நான்கு மணிக்குப் பெட்டியை மூடினோம். ரோய்ஸ்டனின் நண்பர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தூக்க ஆள் போதாமல், கூலிக்கு வந்த சவப்பெட்டிக் கடை ஆட்களே தூக்கினார்கள். எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்த மனிதரின் பெட்டியை, அவர் பெயர்கூடத் தெரியாதவர்கள் தூக்கினார்கள். குழியைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றோம். அப்பாவுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன் என்று அங்கே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பிரிக்காத பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறரை மணி இருக்கும். உள் அறையில், பகல் முழுக்க யார் காதிலும் விழாமல் கிடந்த அப்பாவின் கைப்பேசி அடித்தது. எடுத்து நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது.

"வாளிண்ணே, நான் ராமையா. பாகான் செராய்லேருந்து. மத்தியானம் ரேடியோ கேட்டீங்களா? நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரு போய்ட்டாராம். ஸ்டானிஸ்லாஸாம். யாருண்ணே அது? பாரிட் புந்தார் பத்துமலைகிட்டயும் கேட்டேன், காம்பார் கனகராஜ்கிட்டயும் கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமேன்னு அப்போலேருந்து அடிக்கிறோம், எடுக்க மாட்டேங்கிறீங்க."

"மாமா, நான் எல்ஸி."

"அட, எல்ஸியா! நல்லா இருக்கியா தாயி? அப்பாகிட்ட குடு."

"அப்பா இல்ல மாமா. அந்த ஸ்டானிஸ்லாஸ் அப்பாதான்."

அந்தப் பக்கம் யாரிடமோ 'நம்ம வாளிண்ணேதான்' என்று சொல்வது கேட்டது.

"வாளின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி? லோரி புடிச்சு வந்திருப்போமே."

"வெக்கமா இருந்துச்சு மாமா," என்றேன். அன்று முழுதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"குழிய மூடியாச்சா?"

"மூடியாச்சு மாமா."